இரண்டடியிலிருந்து நான்கடிக்கு: சேலம் வெக்கையில் ரீஃப் தொட்டியைப் பெரிதாக்குவோர் கேட்கும் கேள்விகள்

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியை, அதாவது ரீஃப் தொட்டியை, பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள்: "எந்த லைட் வாங்கலாம்?" அதற்கு ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. எதை வளர்க்கப் போகிறீர்கள், தொட்டி எவ்வளவு அகலம், சித்திரை வைகாசியில் தண்ணீர் எவ்வளவு சூடேறும் என்ற மூன்றும் தெளிவானால் விளக்கு தானாக முடிவாகிவிடும். அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். எட்டு வருடம் இரண்டடித் தொட்டி வைத்திருந்தேன். போன வருடம் நான்கடிக்கு மாறினேன்.

முதலில் தொட்டியை வாங்குவதா, விளக்கை வாங்குவதா?

உள்ளே என்ன இருக்கப் போகிறது என்பதை முதலில் எழுதி வையுங்கள். நம் நாட்டில் அந்தப் பட்டியலைச் சட்டமே பாதி எழுதித் தந்துவிடுகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடும் யானையோடும் சேர்ந்து, 2001 முதல், கல் பவளங்கள் எல்லாமும் இருக்கின்றன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. கடல் குதிரையும் அதே காப்பில்தான் இருக்கிறது.

கடையில் கிளை கிளையாக இருக்கும் அக்ரோபோரா துண்டைக் காட்டி, "இது நம்ம கடல் சரக்கு இல்லைங்க, இந்தோனேசியா" என்பார்கள். அட்டவணை "எல்லாக் கல் பவளங்களும்" என்றுதான் சொல்கிறது. அதோடு கல் பவளங்கள் அனைத்தும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலிலும் இருப்பவை, அதனால் நாடு விட்டு நாடு வர அனுமதித் தாள் வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிர்களை வீட்டில் வைத்திருப்பதும் பதிவு செய்ய வேண்டிய விஷயமாகிவிட்டது. என் தொட்டியில் கல் பவளம் கிடையாது. வெள்ளையான பவள எலும்புக்கூட்டை "லைவ் ராக்" என்று கிலோ கணக்கில் விற்பதையும் நான் தொடுவதில்லை, அதுவும் கல் பவளத்தின் உடல்தான். செராமிக் பாறை வாங்கி, அதில் பாக்டீரியா குடியேற மூன்று மாதம் பொறுத்தேன்.

இதனால் தொட்டி வெறிச்சோடிப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். பூப்பூவாக விரியும் சோவாந்திட், தோசைபோல் பரந்து கிடக்கும் மஷ்ரூம், காளான் குடை மாதிரி ஆடும் லெதர், கையை மூடி மூடித் திறப்பதுபோல் துடிக்கும் சீனியா எல்லாம் கல் எலும்பு இல்லாதவை. இவற்றையும் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டாகக் கேட்டு, பில்லோடு வாங்குங்கள். க்ளவுன் மீனைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் எப்போதோ கைவசமாக்கிவிட்டது. கடலில் பிடித்ததைவிட அப்படிப் பிறந்த மீன் தொட்டிக்கு எளிதில் பழகுகிறது, கொடுக்கும் தீனியை முதல் நாளே எடுக்கிறது.

இந்த முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் சுலபமாக்குகிறது. வெளிச்சத்துக்கு அதிகம் ஏங்குபவை கிளைக் கல் பவளங்கள். அவை பட்டியலில் இல்லையென்றால் விளக்கு பாதியாகிறது, அதனால் சூடும் கரண்ட் பில்லும் இறங்குகின்றன.

'பார்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

செடியும் பாசியும் உணவு தயாரிக்கப் பயன்படுத்தும் ஒளியின் அளவு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்று மைக்ரோமோல் கணக்கில் எண்ணுவது. பவளத்தின் உடலுக்குள் ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. பவளம் அதற்கு இடம் கொடுக்கிறது, அது பவளத்துக்குச் சர்க்கரை கொடுக்கிறது. விளக்கு போடுவது அந்தப் பாசிக்காகத்தான்.

நம் ஊர் உச்சி வெயிலில் வெட்டவெளியில் இது 2000-ஐத் தொடும். கிளைக் கல் பவளங்களுக்கு 200 முதல் 350 வரை கேட்பார்கள். நாம் வளர்க்கும் சோவாந்திட், லெதர் வகைகளுக்கு 80 முதல் 150 போதும், மஷ்ரூமுக்கு 50 இருந்தாலே நிறைவு. "எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேவைக்கு மேல் ஒளி விழுந்தால் பாசி நச்சுப் பொருளை உண்டாக்கும், பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும்.

எவ்வளவு பெரிய தொட்டி? "பெரிசா போனா நல்லது"ன்னு எல்லாரும் சொல்றாங்க, அண்ணே.

ஓரளவுக்கு உண்மைதான் தம்பி. 24×18×18 அங்குலத் தொட்டி கணக்குப்படி 127 லிட்டர். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் 100 லிட்டர்தான் நிற்கும். அதில் ஒரு மீன் இரவில் செத்துப் பாறைக்குப் பின்னால் கிடந்தால், காலையில் அம்மோனியா ஏறியிருக்கும். என் நான்கடித் தொட்டியில் நிற்கும் 310 லிட்டரில் அதே மீன் செத்தால் அளவு மூன்றில் ஒரு பங்குதான். உப்பின் அடர்த்தி, சூடு எல்லாம் மெதுவாக மாறும். கரண்ட் போனாலும் நமக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆனால் எந்தப் பக்கம் பெரிதாக்குகிறோம் என்பதில்தான் விஷயம். நீளத்தையும் அகலத்தையும் கூட்டுங்கள், உயரத்தைக் கூட்டாதீர்கள். நான் எடுத்தது 4 அடி நீளம், 2 அடி அகலம், 20 அங்குல உயரம். கடைக்காரர் 24 அங்குல உயரம் போடச் சொல்லி வற்புறுத்தினார், பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்றார். மறுத்ததற்குக் காரணங்கள் உண்டு. ஆழம் கூடக்கூட அடிமணலில் விழும் ஒளி குறையும், அதை ஈடுகட்ட விளக்கை ஏற்றினால் மேலே இருப்பவை கருகும். உயரம் கூடினால் கண்ணாடியும் தடிமனாக வேண்டும். பிறகு, என் கை எட்ட வேண்டும். அடியில் விழுந்த ஒரு துண்டை எடுக்க ஒவ்வொரு தடவையும் தோள்பட்டை வரை நனைக்க வேண்டியிருந்தால், ஆறே மாதத்தில் தொட்டியைக் கவனிப்பது குறைந்துவிடும்.

அகலம் இன்னொரு நன்மை தருகிறது. 12 அங்குல அகலத் தொட்டியில் பாறையைச் சுவர்போல்தான் அடுக்க முடியும். 24 அங்குலத்தில் இரண்டு குன்றாக வைத்து நடுவே நீரோட்டம் போக வழி விடலாம். பக்கத்துப் பவளம் வளர்ந்து வந்து மற்றொன்றை மூடாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். மாற்றியதில் எனக்குப் பெரிய நிம்மதி தந்தது இந்த அகலம்தான். மஷ்ரூம்கள் முதல்முறையாக நிழலும் வெளிச்சமும் பார்த்துத் தாங்களே இடம் தேடி நகர்ந்தன.

மாடியில் வைக்கலாமா?

எடையைக் கூட்டிப் பாருங்கள். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ. 310 லிட்டர் என்றால் சுமார் 318 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ வரும், இந்த அளவுத் தொட்டிக்கு 75 கிலோவுக்கு மேல். பாறை, மணல், இரும்பு ஸ்டாண்டு, ஸ்டாண்டுக்குள் வைக்கும் 'சம்ப்' என்ற வடிகட்டித் தொட்டியில் நிற்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்தால் 600 கிலோவைத் தாண்டும். அத்தனையும் எட்டு சதுர அடியில் நிற்கிறது. வீட்டு அறைகளின் தளத்தை இந்தியத் தர விதிப்படி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் வடிவமைக்கிறார்கள். தரைத்தளம் இருந்தால் அங்கேயே வையுங்கள். மாடிதான் வழி என்றால் வீடு கட்டிய இன்ஜினியரைக் கூப்பிட்டு உத்தரம் எங்கே ஓடுகிறது என்று கேட்டு, சுவரை ஒட்டி உத்தரத்துக்குக் குறுக்காக வையுங்கள். குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் உள்ள பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடி வேண்டவே வேண்டாம்.

மாடிக்கு இன்னொரு குறையும் உண்டு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை ராத்திரி பத்து மணிக்கும் தகிக்கும்.

சேலத்து வெயிலில் தண்ணீரை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இதுதான் நம் ஊரில் உயிர்போகும் பிரச்சினை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். தொட்டியை 25 முதல் 27 டிகிரிக்குள் வைக்கப் பார்க்கிறேன். வெளியே 39 இருக்கும் நாளில் வீட்டுக்குள் 34. ஒன்றும் செய்யாவிட்டால் தண்ணீர் 32-க்கு ஏறும். கடலே இதைத் தாங்குவதில்லை. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன.

என் பழைய இரண்டடித் தொட்டியில் முதலில் 150 வாட் மெட்டல் ஹேலைடு விளக்கு இருந்தது. ஒரு மே மாதம் குடும்பத்தோடு இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினேன். தண்ணீர் 33 டிகிரி. சீனியா முழுதும் கரைந்து கூழாகிக் கிடந்தது, லெதர் சாய்ந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தை மறக்க முடியவில்லை. விளக்கை அன்றே கழற்றினேன்.

நாம் சுவரிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. தண்ணீருக்குள் 100 வாட் பம்பு ஓடினால், வெப்பம் வெளியே போக வழியே இல்லாதபோது ஒரே நாளில் 310 லிட்டரையும் 6 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். அதனால் மோட்டார்களைக் கரண்ட் குறைவாக எடுக்கும் டி.சி. பம்பாக மாற்றுவது முதல் வேலை.

இரண்டாவது, மின்விசிறி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 300 லிட்டரை ஏறத்தாழ 2 டிகிரி குறைக்கும் அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். சேலத்தில் ஏப்ரல் மே மாதக் காற்று உலர்ந்து இருப்பதால் நான்கு சிறு விசிறிகள் நீர்ப்பரப்பில் வீசினாலே எனக்கு 3 டிகிரி இறங்குகிறது. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் குதிக்காமல் வலை போட வேண்டும். மழை தொடங்கிக் காற்று ஈரமானால் இந்த வித்தை பாதிகூட வேலை செய்யாது.

விசிறி வைத்தால் தினம் ஐந்தாறு லிட்டர் குறையும். அதை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். ஆவியாகிப் போவது நன்னீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. உப்புக் கரைத்த நீரையே திரும்பத் திரும்ப ஊற்றித் தொட்டியை இழந்தவர்களை எனக்குத் தெரியும். தானாக நிரப்பும் கருவி ஒன்று வாங்குவது விளக்குக்குக் கொடுக்கும் பணத்தைவிட உபயோகமானது.

அதற்கு மேலும் சூடு என்றால் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரமான சில்லர்தான். சில்லர் எடுக்கும் சூட்டை அதே அறையில் கக்கும் என்பதை மறக்காதீர்கள், ஜன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

சரி, இப்போது விளக்குக்கு வருவோம். எதை, எத்தனை?

மெட்டல் ஹேலைடு அழகு. நீர் அலையின் நிழல் மணலில் ஆடுவது வேறு எதிலும் அந்த அளவுக்கு வராது. நம் ஊருக்கு அது வேண்டாம். 250 வாட் விளக்கு இரண்டு, நாளுக்கு 8 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் அதற்கு மட்டும் 240 யூனிட். மொத்தம் 150 வாட் எடுக்கும் எல்.இ.டி., 9 மணி நேரம் எரிந்தால் 81 யூனிட். பில் அடுத்த ஸ்லாபுக்குத் தாவுவதையும் சேர்த்துப் பாருங்கள்.

டி5 என்ற மெல்லிய டியூப் லைட் ஒளியைச் சீராகப் பரப்பும். நிழல் விழாது. மென் பவளங்களுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் டியூபுகளை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அவற்றை எப்போதும் சென்னையிலிருந்து உடையாமல் வரவழைப்பது பெரும்பாடு. அதனால் எல்.இ.டி.க்கு வந்தேன்.

ஒரு எல்.இ.டி. பெட்டி நன்றாக வெளிச்சம் பரப்புவது சுமார் இரண்டுக்கு இரண்டடி. நான்கடிக்கு இரண்டு வேண்டும். பலமான ஒன்றை நடுவில் தொங்கவிட்டால் கீழே நடு மட்டும் 300, ஓரங்களில் 40 என்று விழும். மிதமான இரண்டு வைத்தால் எங்கும் 80-120 கிடைக்கும், பாறையின் பக்கங்களும் இருட்டாகாது. நீர்மட்டத்துக்கு மேல் 9, 10 அங்குல உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். பவளம் வைக்கும் இடங்களை முன்பே யோசித்து விளக்கின் இடத்தை முடிவு செய்தேன்.

பெட்டியில் அச்சடித்த வாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 55 எல்.இ.டி., ஒவ்வொன்றும் 3 வாட், ஆகமொத்தம் 165 என்று போட்டிருப்பார்கள். பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தால் அதைவிடக் குறைவாகவே இழுக்கும். நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, விசிறி சத்தம் எப்படி, உப்புக் காற்றில் துருப்பிடிக்காத மேல்பூச்சு உண்டா, ரிப்பேருக்கு டிரைவர் (எல்.இ.டி.க்கு அளவாக மின்சாரம் கொடுக்கும் பாகம்) இங்கே கிடைக்குமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

ஏன் எல்லாம் நீலமாகவே இருக்கிறது?

தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும், ஆழத்துக்கு இறங்குவது நீலம்தான். பவளத்துப் பாசி அதற்கேற்ப 420 முதல் 480 நானோமீட்டர் ஒளியை நன்றாக எடுத்துக்கொள்ளும். பவளத்தின் நிறமிகள் பச்சையும் ஆரஞ்சுமாக மின்னுவதும் நீல ஒளியில்தான். வீட்டில் பெரியவர்களுக்கு அறை முழுதும் நீலமாக இருப்பது பிடிக்காவிட்டால் மாலையில் வெள்ளையைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஒன்றும் கெடாது.

பார் மீட்டர் விலை அதிகம். போனில் ஆப் இருக்கிறதே?

போன் அளப்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை. நீலத்தை அது மிகக் குறைத்துக் காட்டும். மீட்டர் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் கேளுங்கள், ஒரு தடவை அளந்து தாளில் குறித்துக்கொண்டால் போதும். அதுவும் முடியாதென்றால் உயிர்களே சொல்லும். சோவாந்திட் காம்பை நீட்டி எட்டிப் பார்த்தால் வெளிச்சம் பற்றவில்லை. மஷ்ரூம் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு சிறுத்தால் கூடிவிட்டது. லெதர் மட்டும் சில நாள் மூடிக்கொண்டு மெழுகுபோல் தோல் உரிக்கும், அது இயல்பு.

புது விளக்கை முழுதாகப் போடலாமா?

கூடாது. 30 சதவீதத்தில் ஆரம்பித்து வாரம் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். தை மாதக் குளிரிலிருந்து நேராகக் கத்திரி வெயிலில் நிறுத்தினால் நமக்கே தாங்காது.

பழைய தொட்டியிலிருந்து எப்படி மாற்றுவது? எதையெல்லாம் கொண்டுபோகலாம்?

புதுத் தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்பி மூன்று நாள் விட்டுக் கசிவு பாருங்கள். அடியில் தெர்மோகோல் தாள் அவசியம். பிறகு உப்பு: லிட்டருக்கு 36 கிராம் அளவில் 310 லிட்டருக்கு 11 கிலோ. மேட்டூர்க் குழாய்த் தண்ணீரானாலும் போர் தண்ணீரானாலும் ஆர்.ஓ.வில் போட்டு, மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசினும் தாண்டி, கரைந்த உப்புகளின் அளவான டி.டி.எஸ். பூஜ்யம் காட்ட வேண்டும். சமையலறை ஆர்.ஓ. வேண்டாம், குடிக்க ருசிக்காக அதில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடுவார்கள்.

பாறையை ஈரம் காயாமல் தொட்டி நீரிலேயே வாளியில் வைத்து மாற்றுங்கள், பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. பழைய மணலை மட்டும் கொண்டுவராதீர்கள். வருடக்கணக்கில் அடியில் தங்கிய அழுக்கும் முட்டை நாற்றமடிக்கும் வாயுவும் கிளறினால் வெளியே வரும். புது மணல் போடுங்கள்.

இன்னொன்றை மனதில் ஆழமாக வையுங்கள். சோவாந்திட் வகைகளில், குறிப்பாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். வெட்டும்போது, பாறையிலிருந்து பிரிக்கும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று வேலையைத் தொடாதீர்கள். அந்தப் பாறையைக் கொதிக்க வைப்பது, வெந்நீர் ஊற்றித் தேய்ப்பது கூடவே கூடாது, ஆவியிலேயே வீட்டில் எல்லோரும் மருத்துவமனைக்குப் போக நேரும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மின் இணைப்பில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் உப்புநீர்த் தொட்டி வைக்காதீர்கள். ஒயர் பிளக்குக்கு வருமுன் ஒரு தொங்கல் விட்டுக் கட்டினால் சொட்டும் நீர் அங்கேயே விழுந்துவிடும். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஒன்றையாவது இன்வெர்ட்டரில் மாட்டுங்கள்.

எங்கள் வீடு ஏற்காட்டில். இதெல்லாம் அங்கும் பொருந்துமா?

சூடு விஷயத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். சில்லர் தேவையே இல்லை, விசிறியும் வேண்டியிருக்காது. மார்கழியில் ஹீட்டர்தான் வேண்டும். ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறியது போடுங்கள், ஒன்று ஒட்டிக்கொண்டு அணையாமல் போனாலும் தொட்டி வெந்துவிடாது.

1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 15 சதவீதம் அளவுக்குக் குறைவு. தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவில் குறையும். அதனால் மீன் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்து, மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வேவ்மேக்கரை மேல்நோக்கித் திருப்புங்கள். கீழிருந்து மீன் பை கொண்டுபோகும்போது இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பை உப்பிவிடும், பேக்கிங்கில் காற்றை இறுக்கமாக அடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இடி மின்னல் அதிகம் உள்ள மலை என்பதால் விளக்கு டிரைவருக்கு முன்னால் சர்ஜ் பாதுகாப்பு அவசியம்.

விளக்கு அளவு மாறாது. பனிமூட்டத்தில் ஜன்னல் வெளிச்சம் குறைவதால் பாசித் தொல்லை உங்களுக்குக் குறைவாகவே இருக்கும்.

மாற்றிய பிறகு கண்ணாடியெல்லாம் பழுப்பாகப் படிகிறது. விளக்கைக் குறைக்கவா?

அது டயாட்டம் என்ற நுண்பாசி. புது மணலில் உள்ள சிலிகேட்டைத் தின்று வளரும். துடைத்துவிட்டுப் பொறுங்கள், சில வாரங்களில் தானே போகும். டி.டி.எஸ். மட்டும் மறுபடி அளந்து பாருங்கள்.

புது மீன் எப்போது விடலாம்?

அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யம் காட்டிய பிறகு, ஒன்று. அதற்கு அடுத்தது இன்னொரு மாதம் கழித்து. சித்திரையில் மாற்றியிருந்தால் ஆடி வரை எதையும் சேர்க்காதீர்கள், முதல் கோடையை இருக்கிற உயிர்களோடு மட்டும் கடத்துங்கள்.